நூலகச் சாவி யார் கையில்?

உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று ஒரு தொகை இருக்கும். ரூபாய்க்கு 10 பைசா. 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி வசூலாகும் வரி இது. ஊர்த்தெருக்காரரும் சேரிக்காரரும் ஒரே விகிதத்தில்தான் கட்டுகிறோம். உள்ளே போய் உட்காருவதில் அந்தச் சமம் இருக்கிறதா?

வாசலில் நின்று யாரும் மறிப்பதில்லை. ஆனால் பல ஊர்களில் நூலகம் இருப்பது கோயில் பக்கத்திலோ ஊர்த்தெரு நடுவிலோதான். அங்கே போக நம் பிள்ளை நாலு திண்ணைகளைத் தாண்ட வேண்டும், "எங்கடா போற?" என்ற கேள்வியையும் தாண்ட வேண்டும். போய்ச் சேர்ந்தாலும் பூட்டியிருக்கும். 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. அந்தத் தெருவுக்கும் நூலகத்துக்கும் உள்ள தூரம் எந்த ஆவணத்திலும் இல்லை.

மாலை 6 முதல் 8 வரை நூலகம் திறந்திருக்க வேண்டும். அந்தப் பாரத்தைச் சொற்ப ஊதியம் வாங்கும் நூலகர் தலையில் கட்டக் கூடாது. நூலகங்களுக்கு வாசகர் வட்டம் என்ற ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. அதில் நம் தெருப் பட்டதாரிகளும் மகளிர் குழுப் பெண்களும் சேரட்டும். பேருக்கு ஒருவர் போதாது, பாதிப் பேராவது வேண்டும். என்ன நடத்துவது என்பதை முடிவு செய்பவர்களும் அவர்களாக இருக்கட்டும்.

நாளிதழை ஒருவர் உரக்கப் படித்தால், எழுத்துக் கூட்டத் தெரியாத தாத்தாவும் வந்து உட்காருவார். குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஒரு மேசை போதும். உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பித் தரும் மாலைகளில் கூட்டம் தானாக வரும். நடவுக்குப் போன பாட்டி சொல்லும் கதையை ஆறாம் வகுப்புப் பிள்ளை எழுதி வைக்கலாம். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழையும், அயோத்திதாசர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் தொடங்கியது நம் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்களைப் பற்றிய நூல் அலமாரியில் இல்லையென்றால் கேட்டு வாங்க வேண்டும்.

நூலக வார விழாவுக்குப் பறையடிக்க மட்டும் நம் பிள்ளைகளைக் கூப்பிட்டுவிட்டு, மறுநாள் கதவைச் சாத்துவதை வரவேற்பு என்று ஏற்க முடியாது.

"ஊருக்குள் வம்பு எதற்கு?" என்பார்கள் நம் பெரியவர்களே. அந்த அச்சம் பொய்யல்ல. பிள்ளைகள் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்பட்டும். வழியில் தெருவிளக்கு எரியட்டும். அடுத்த கிராம சபையில் மாலை நேரத்தையும் விளக்கையும் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். நூலகத்தின் இன்னொரு சாவி வாசகர் வட்டத்திடம் இருக்க வேண்டும் என்பதையும் அதில் சேர்த்து எழுதுங்கள்.