அரும்பொருளகம் மலையடிவாரத்தில் தொடங்கட்டும்

இயற்கை வரலாற்று அரும்பொருளகம் என்பது, ஒரு நிலப்பரப்பில் வாழ்கின்ற உயிர்களின் மாதிரிகளையும், வாழ்ந்து மறைந்தவற்றின் எச்சங்களையும், அந்நிலத்தின் பாறைகளையும் திரட்டி, அவை எங்கே, எப்போது, யாரால் எடுக்கப்பட்டன என்ற குறிப்புடன் பாதுகாத்து, அறிஞர்களின் ஆய்வுக்கும் பொதுமக்களின் அறிவுக்கும் ஒருசேரத் திறந்துவைக்கும் நிறுவனமாகும். ஆய்வு என்னும் கடமை பெரும்பாலும் இழுப்பறைகளுக்குள் ஓசையின்றி நடக்கிறது. மக்களுக்கு அறிவூட்டும் கடமையோ வார இறுதி இயற்கை நடைகள், இரவு நேரப் பூச்சி பார்த்தல், பறவைக் கணக்கெடுப்பு, சிறுவர் பட்டறைகள் போன்ற பொது நிகழ்ச்சிகளின் வழியே நிறைவேறுகிறது. இத்தகைய நிகழ்ச்சிகள் பினாங்கின் பெருநிலப் பகுதியில், குறிப்பாகப் புக்கிட் மெர்தாஜாமில், ஆண்டு முழுவதும் தமிழ் உட்பட இங்கு வாழ்வோரின் எல்லா மொழிகளிலும் நடைபெற வேண்டும் என்றும், அரும்பொருளகக் கட்டடம் எழும்வரை காத்திருக்கக் கூடாது என்றும் இத்தலையங்கம் வலியுறுத்துகிறது.

2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பினாங்கு மாநிலத்தில் ஏறத்தாழ 17 லட்சம் பேர் வாழ்கின்றனர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்துக்கு இப்பால், பெருநிலமான செபராங் பிறையில் இருக்கின்றனர். ஆயினும் இயற்கையையும் அறிவியலையும் பொதுமக்களுக்கு விளக்கும் இடங்கள் பெரும்பாலும் தீவிலேயே குவிந்துள்ளன. தண்ணீர்மலைக்கு அருகே 1884இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் உருவாக்கத் தொடங்கிய தாவரவியல் பூங்கா, தெலுக் பாஹாங்கிலுள்ள என்டோபியா வண்ணத்துப்பூச்சிப் பண்ணை, மூக்கா முனையில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் நடத்தும் கடல் ஆய்வு மையம், கொம்தாரில் 2016இல் திறக்கப்பட்ட டெக் டோம் அறிவியல் மையம் ஆகிய அனைத்தும் அக்கரையில் உள்ளன. மனித வாழ்வும் இயற்கைப் பாதுகாப்பும் ஒன்றோடொன்று இயைந்து நடக்க வேண்டிய பகுதியை உயிர்க்கோளக் காப்பகம் என்பர். 2021 செப்டம்பரில் யுனெஸ்கோ அவ்வாறு அறிவித்த 12,481 ஹெக்டர் பரப்புள்ள பினாங்கு மலைப் பகுதியும் தீவுக்கே உரியது. பெருநிலத்தில் செபராங் ஜெயா பறவைப் பூங்காவும் ஆயர் ஹீத்தாம் டாலாம் கல்வி வனமும் இருக்கின்றன என்பது உண்மையே. ஆனால் பத்து லட்சத்தை நெருங்கும் மக்களுக்கு அவை மட்டும் போதும் என்று எவரும் வாதிட முடியாது.

பெருநிலத்தில் காட்டுவதற்கு ஒன்றும் இல்லாததால் ஏற்பட்ட குறை அன்று இது. இங்கிருந்த பொருள்கள் எடுத்துச் செல்லப்பட்டன என்பதே வரலாறு. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரான டென்மார்க் நாட்டவர் தியோடர் கேன்டர், பினாங்கிலும் அன்று புரோவின்ஸ் வெல்லஸ்லி எனப்பட்ட இந்தப் பெருநிலத்திலும் உயிரினங்களைத் திரட்டி, பாலூட்டிகள், ஊர்வன, மீன்கள் ஆகியவற்றின் பட்டியல்களை 1846 முதல் 1849 வரை கல்கத்தாவில் வெளியிட்டார். அவர் திரட்டியவற்றுள் பல லண்டன் போய்ச் சேர்ந்தன. அவற்றில் சில வகைமாதிரிகள், அதாவது ஒரு புதிய இனத்துக்குப் பெயர் சூட்டும்போது அப்பெயருக்கு நிலையான சான்றாக வைக்கப்படும் மாதிரிகள். செபராங் பிறை வடக்கில் குவார் கெப்பாவின் சிப்பி மேடுகளில், கற்கால மக்கள் தின்று எறிந்த ஓடுகளுக்கிடையே 1930களில் தோண்டி எடுக்கப்பட்ட மனித எலும்புக்கூடுகள் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டன. அதே இடத்தில் 2017இல் காட்சிக்கூடக் கட்டுமானத்தின்போது வெளிப்பட்டு, இன்று ‘பினாங்குப் பெண்’ என அழைக்கப்படும் எலும்புக்கூடு ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. தங்கள் நிலத்தின் மிகப் பழைய மனிதர்களில் மற்றவர்களைப் பார்க்க இந்த மண்ணின் பிள்ளைகள் ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டியிருப்பது நியாயமாகாது.

கட்டடம் முதலா, நிகழ்ச்சி முதலா என்ற கேள்விக்குச் சிங்கப்பூரின் அனுபவம் தெளிவான விடை தருகிறது. மலாக்காவுக்கு அருகே 1892இல் கரையொதுங்கிய திமிங்கிலம் ஒன்றின் எலும்புக்கூடு, சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் அரும்பொருளகத்தில் பல்லாண்டுகள் தொங்கி, தலைமுறை தலைமுறையாகச் சிறுவர்களை அண்ணாந்து பார்க்க வைத்தது. 1970களின் தொடக்கத்தில் அந்த அரும்பொருளகம் இயற்கை வரலாற்றைக் கைவிட்டபோது, திமிங்கிலம் 1974இல் கோலாலம்பூருக்குக் கொடுக்கப்பட்டுப் பின்னர் லாபுவானைச் சென்றடைந்தது; எஞ்சிய மாதிரிகள் நிலையான இடமின்றி அலைந்து, சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தின் தயவில் உயிர் பிழைத்தன. அந்நிலையை மாற்றியது அரசு ஆணையோ பெரும் திட்டமோ அன்று. 2009 மே மாதத்தில், அனைத்துலக அரும்பொருளக நாளையொட்டி, பல்கலைக்கழகத்துக்குள் இருந்த சிறு காட்சிக்கூடம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டபோது ஒரே நாளில் ஏறத்தாழ 3,000 பேர் திரண்டனர். மக்களுக்கு இவ்வளவு ஆர்வம் இருக்கிறதா என்ற வியப்பே நாளிதழ்களில் விவாதமாகி, நன்கொடைகளாக மாறி, 2015 ஏப்ரலில் திறக்கப்பட்ட லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகமாக உருப்பெற்றது. பொது நிகழ்ச்சி முன்னே சென்றது. கட்டடம் அதன் பின்னே வந்தது.

புக்கிட் மெர்தாஜாம் மலையடிவாரத்திலுள்ள செரோக் தோ குன் வனப் பூங்கா அத்தகைய தொடக்கத்துக்குப் பொருத்தமான இடம். அங்கே அன்றாடம் காலையில் மலையேறும் நூற்றுக்கணக்கானோர், பலகை வேர்களைச் சுவர்போல் விரித்து நிற்கும் பெரிய மெங்குண்டோர் மரத்தைக் கடந்துதான் செல்கின்றனர். ஆழமில்லாத மண்ணில் பெரும் உயரத்துக்கு வளரும் மழைக்காட்டு மரம் சாய்ந்துவிடாமல் தாங்குவதே பலகை வேரின் வேலை என்பதை அம்மரத்தடியில் நின்று விளக்க ஒருவர் இருந்தால், அந்த நடை பாடமாகிவிடும். சற்றுத் தள்ளி, புனித அன்னாள் தேவாலய வளாகத்தில், 1845இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி ஜேம்ஸ் லோ கண்டு உலகுக்கு அறிவித்த பல்லவ எழுத்துக் கல்வெட்டு இருக்கிறது. எழுத்தைப் பற்றி நிறையப் பேசுகிற சமூகம், அது பொறிக்கப்பட்ட கல்லைப் பற்றிப் பேசுவதில்லை: பூமியின் ஆழத்தில் பாறைக்குழம்பு மெல்லக் குளிர்ந்து இறுகிய கருங்கல் அது, இம்மலையும் அவ்வாறு உருவானதுதான், அதன் வயது ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகள். ஒரே கல்லில் மனித வரலாற்றையும் நிலத்தின் வரலாற்றையும் கற்பிக்கும் வாய்ப்பு எல்லா ஊர்களுக்கும் கிட்டுவதில்லை.

இரவு நிகழ்ச்சி ஒன்றுக்குத் தேவைப்படும் கருவிகள் எவ்வளவு எளியவை என்பதையும் கருதிப் பார்க்கலாம். இருட்டிய பின் காட்டோரத்தில் இரு மரங்களுக்கிடையே ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, அதன் முன் புற ஊதா விளக்கை ஏற்றினால், அரை மணி நேரத்துக்குள் அந்துப்பூச்சிகளும் வண்டுகளும் துணியில் வந்து அமரத் தொடங்கும். வாய்ப்பிருந்தால் உள்ளங்கையை விடப் பெரிய அட்லஸ் அந்துப்பூச்சியும் வரும். அது புழுப்பருவத்தில் சேர்த்துவைத்த கொழுப்பைக் கொண்டே சில நாள் வாழ்ந்து மடிவது. இரை உண்ணத்தக்க வாய் அதற்கு இல்லை. அந்தத் துணியின் முன் நிற்கும் சிறுமியிடம் பென்சிலும் அட்டையும் கொடுத்து, நாள், நேரம், இடம், வானிலை, பார்த்தவரின் பெயர் ஆகியவற்றை எழுதச் சொன்னால், கேன்டர் காலம் முதல் இன்றுவரை எல்லா அரும்பொருளகங்களும் நிற்கும் அடிப்படைப் பழக்கத்தை அவள் கற்றுவிடுகிறாள். குறிப்பட்டை இல்லாத மாதிரி எவ்வளவு அழகானதாக இருந்தாலும் அறிவியலுக்குப் பயன்படாது. இதே முறையைத் தெலுக் ஆயர் தாவார் சேற்றுநிலக் கரையிலும் பின்பற்றலாம். சைபீரியா வரையிலான வடநாடுகளில் இனம் பெருக்கிவிட்டு ஆண்டுதோறும் வலசை வரும் உள்ளான்களும், உலகில் அருகிவரும் நோர்ட்மன் பச்சைக்காலியும் இரை தேடும் கரை அது. ஜூரு ஆற்றின் சதுப்புநிலக் காடும் ஒரு நாள் பயணத்துக்குள் அடங்கும்.

மொழி பற்றிய வாதத்தைத் தமிழ்ச் சமூகம் தயக்கமின்றி முன்வைக்க வேண்டும். பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பயிலும் பிள்ளைகள் முதல் ஆறு ஆண்டுகளுக்கு அறிவியலைத் தமிழில் கற்கின்றனர். அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்க 2003இல் கொண்டுவரப்பட்ட கொள்கை பின்னர் கைவிடப்பட்டதால் மீண்டும் கிடைத்த உரிமை அது. ஆனால் வகுப்பறையில் தமிழில் கற்ற அறிவியல், வகுப்பறைக்கு வெளியே தமிழில் ஒலிப்பது அரிது. பிள்ளைகளுக்கு மலாய் நன்கு புரியும் என்று சொல்லப்படுவது சரியே. எனினும் ஒரு விளக்கத்தைப் புரிந்துகொள்வது வேறு, தயங்காமல் குறுக்கே கேள்வி கேட்பது வேறு. எட்டு வயதுப் பிள்ளையின் முதல் கேள்வி வீட்டு மொழியில்தான் பிறக்கும். கரும்புத் தோட்டங்களிலும் பின்னர் ரப்பர்த் தோட்டங்களிலும் உழைத்த தலைமுறையினரிடம், எந்தக் கீரையை உண்ணலாம், எந்த இலை புண்ணை ஆற்றும், மழைக்கு முன் எந்தப் பூச்சி வெளிவரும் என்ற பட்டறிவு நிறைய இருந்தது. அந்தப் பாட்டிகளையும் தாத்தாக்களையும் வழிகாட்டிகளாக அழைத்து, அவர்கள் சொல்வதைத் தாவரவியலாளர் ஒருவர் சோதித்துப் பதிவு செய்யும் நிகழ்ச்சி, வேறு எந்த நாட்டு அரும்பொருளகத்திலிருந்தும் கடன் வாங்க வேண்டாத ஒன்றாக அமையும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்ட நிலையில், அந்த அறிவு பதிவின்றி மறைந்துவருகிறது.

செலவைக் காட்டி இதை மறுப்போருக்கு, பெரும் செலவு கட்டடத்தில்தான் என்பதை நினைவூட்ட வேண்டும். தேவையானவை பயிற்சி பெற்ற சில வழிகாட்டிகளும் ஓர் ஒருங்கிணைப்பாளரும் சில கருவிகளுமே. திரட்டப்படும் மாதிரிகளை எங்கே வைப்பது என்ற ஐயம் மட்டும் கனமானது. புது டில்லியில் 1978 ஜூன் 5ஆம் நாள் திறக்கப்பட்டு, சிறுவர்கள் தொட்டுப் பார்த்துக் கற்பதற்கென்றே தனி அறை வைத்திருந்த தேசிய இயற்கை வரலாற்று அரும்பொருளகம், கடைசிவரை சொந்தக் கட்டடமின்றி வேறொரு நிறுவனத்தின் கட்டடத்தில் இயங்கி, 2016 ஏப்ரல் 26ஆம் நாள் தீயில் அழிந்தது. அந்த இழப்பு கற்பிப்பது இது: மாதிரிகளைத் தீப்பாதுகாப்புள்ள பல்கலைக்கழகக் காப்பறையில் வைத்துவிட்டு, நிகழ்ச்சிகளை மலையடிவாரத்தில் ஓர் எளிய அறையிலிருந்து நடத்துவதே தொடக்க ஆண்டுகளுக்கு அறிவுடைமை. இணையத்தில் எல்லாம் பார்க்கலாமே என்போருக்கு நீண்ட பதில் தேவையில்லை. சொந்த ஊரின் காட்டில் என்ன இருக்கிறது என்பதை யாரேனும் நேரில் பார்த்து எழுதினால்தான் அது இணையத்துக்கே வந்துசேரும்.

இதற்கான நிறுவனங்கள் அனைத்தும் இருக்கின்றன. வனப் பூங்கா வன இலாகாவின் பொறுப்பில் இருக்கிறது. 2019 முதல் மாநகராக உள்ள செபராங் பிறைக்கு மாநகர் மன்றம் இருக்கிறது. அறிவியலாளர்கள் பாலத்துக்கு அப்பால் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள். வருங்கால ஆசிரியர்களை உருவாக்கும் துவான்கு பைனுன் ஆசிரியர் கல்விக் கழகம் இதே வட்டாரத்தில் மெங்குவாங்கில் இருக்கிறது. இந்த நான்கையும் ஒரே மேசையில் அமர்த்தும் பொறுப்பு மாநில அரசுடையது. அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் இதற்கென ஒரு தொகையை ஒதுக்கி, முதல் ஆண்டின் நிகழ்ச்சி நிரலைத் தமிழ் உட்பட இங்கு வாழ்வோரின் எல்லா மொழிகளிலும் அது வெளியிட வேண்டும். தமிழ்ப்பள்ளிகளின் மேலாளர் வாரியங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இக்கோரிக்கையை எழுத்து மூலம் தங்கள் சட்டமன்ற உறுப்பினர்களிடம் இப்போதே அளிக்க வேண்டும். முதல் இயற்கை நடை அறிவிக்கப்படும் நாளில் பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளுடன் செரோக் தோ குன்னுக்குத் திரண்டு வர வேண்டும்.