பழைய பைத்தானை எப்போது கைவிடலாம்? வளையமாதேவி வயல் சொல்லும் பாடம்

2023 ஜூலை 26. கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்பு அருகே உள்ள வளையமாதேவியில், போலீஸ் பாதுகாப்போடு பொக்லைன் இயந்திரங்கள் வயலுக்குள் இறங்கின. என்.எல்.சி.யின் இரண்டாவது சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடக் கால்வாய் வெட்டும் வேலை அது. நிலத்தைப் பல வருஷங்களுக்கு முன்பே கையகப்படுத்திவிட்டோம், பணமும் கொடுத்தாச்சு என்றது நிறுவனம். ஆனால் வயலில் நெல் நின்றது. அறுவடை வரை காத்திருக்க முடியாதா என்று சென்னை உயர் நீதிமன்றமே கேட்டது. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது.

இதுக்கும் புரோகிராமிங்குக்கும் என்ன சம்பந்தம்? ஒரு விவசாயியின் இழப்பும் சாஃப்ட்வேர் அப்டேட்டும் சமம் இல்லைதான். ஆனால், காகிதத்தில் ஒரு தேதி முடிவதும் களத்தில் பயன்பாடு முடிவதும் ஒன்றல்ல என்பது இரண்டு இடத்துக்கும் பொருந்தும். பழையதை நிறுத்தும் அதிகாரம் கையில் இருப்பவர், அதை எப்போது, எப்படி நிறுத்தணும்?

பைத்தான் 2-க்கு என்ன ஆச்சு?

பைத்தான் 3 வெளிவந்தது 2008 டிசம்பரில். பழைய கோடு பல இடங்களில் அதில் அப்படியே ஓடவில்லை. பழைய வரிசையின் கடைசிப் பதிப்பான 2.7, 2010-ல் வந்தது. அதற்கு 2015 வரைதான் ஆதரவு என்று முதலில் சொன்னார்கள். ஏராளமானோர் இன்னும் மாறவில்லை என்று தெரிந்ததும், 2014-ல் கெடுவை 2020-க்குத் தள்ளிவைத்தார்கள். கடைசியில் 2020 ஜனவரி 1-ம் தேதியோடு ஆதரவு முடிந்தது. கிட்டத்தட்ட 11 வருஷம் பழசும் புதுசும் சேர்ந்தே ஓடின.

பழசை அப்படியே விட்டுவைத்தால் என்ன?

விட்டுவைப்பதற்கும் விலை உண்டு. ஆதரவு முடிந்த பதிப்பில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆள் இல்லை. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால், பைத்தான் 2-ன் சாதாரண சரம் பைட்டுகளை எண்ணி 15 என்று சொல்லும். யூனிகோடை அடிப்படையாகக் கொண்ட பைத்தான் 3, 5 என்று சொல்லும். நம் கண்ணுக்கு மூன்றே எழுத்துதான் என்றாலும், இது எவ்வளவோ மேல். ஆக, புதுசுக்கு மாறுவதில் தமிழுக்கும் லாபம் இருக்கிறது.

இன்னொரு விஷயம், திறந்த மூல நூலகங்களைப் பராமரிப்பவர்களில் பலர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். ஒவ்வொரு பழைய பதிப்பிலும் தனித்தனியாகச் சோதித்துப் பார்க்கும் சுமை அவர்கள் தலையில்தான் விழுகிறது. எங்கள் ஆபீஸில் இன்னும் மாத்தல, அதனால் நீங்களும் நிறுத்தக் கூடாது என்று அவர்களிடம் கேட்பது நியாயமில்லை.

சரியாகச் செய்தவர்கள் யார்?

வெப் தளங்கள் கட்டப் பயன்படும் ஜாங்கோ, 2017 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பில் பைத்தான் 2-ஐக் கைவிட்டது. ஆனால் முந்தைய 1.11-க்கு 2020 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கொடுத்தது. நம்பை நூலகமும் இப்படித்தான். 2019 முதல் புதிய வசதிகள் பைத்தான் 3-க்கு மட்டும், பழையவர்களுக்கு அந்த ஆண்டு முடியும் வரை பிழைத்திருத்தங்கள் என்று முன்கூட்டியே அறிவித்தது. புது நடவு கிடையாது, நிற்கிற பயிரை அறுத்துக்கொள்ளலாம் என்பதுபோல.

2016-ல் வந்த பிப் 9.0 இதை இன்னும் எளிதாக்கியது. ஒரு நூலகம் எந்தப் பைத்தான் பதிப்பில் ஓடும் என்பதை அதைப் பார்த்தே பிப் முடிவெடுக்கும். பழைய பைத்தான் வைத்திருப்பவருக்கு, அவருக்குப் பொருந்தும் கடைசிப் பதிப்பே இறங்கும். அதற்கு முன்பு, புது வெளியீடு வந்த அன்றைக்கே பழைய கணினியில் நிறுவல் உடைந்துபோக வாய்ப்பு இருந்தது.

இப்போ என்ன விதி?

பைத்தான் இப்போது வருஷத்துக்கு ஒரு பதிப்பு, அக்டோபரில் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருஷ ஆதரவு. 3.9-க்கு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. அறிவியல் நூலகங்கள் பல, மூன்று வருஷத்திலேயே பழைய பதிப்பைக் கைவிடலாம் என்ற பொது விதியை ஏற்றிருக்கின்றன. மூன்று வருஷம் குறைவுதான். ஆனால் தேதி முன்பே தெரியும், பழைய பதிப்பும் அழிக்கப்படுவதில்லை என்பதால் அதை ஏற்றுக்கொள்ளலாம்.

எனவே கைவிடுவது தப்பில்லை. அதற்கு முன் மூன்று வேலை பாக்கி இருக்கக் கூடாது: தேதியை முன்கூட்டியே சொல்வது, எத்தனை பேர் இன்னும் பழசில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது, கடைசிப் பதிப்புக்குக் கொஞ்ச காலமாவது பாதுகாப்புத் திருத்தம் கொடுப்பது. இதெல்லாம் செய்த பிறகும் மாறாமல் இருந்தால் பொறுப்பு பயன்படுத்துபவருடையது. உங்கள் ஆபீஸ் சர்வரில் எந்தப் பைத்தான் ஓடுகிறது என்று இன்றைக்கே ஒருமுறை பாருங்கள். 3.9 அல்லது அதற்கும் கீழே என்றால் கெடு ஏற்கெனவே முடிந்துவிட்டது.