மூன்றும் 12.2

தண்ணீரையும் உணவுப்பொருட்களையும் பரிசோதிக்கும் ஒரு சிறிய ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். புதிதாக ஆள் எடுக்கும்போது கேள்வி கேட்பதோடு நிறுத்துவதில்லை, ஒரு டைட்ரேஷனும் செய்யச் சொல்வேன். எங்கள் போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மையைப் பார்க்க வேண்டும். கூம்புக்குடுவையில் பிப்பெட்டால் எடுத்த 20 மில்லி தண்ணீர், பியூரெட்டில் இ.டி.டி.ஏ. கரைசல். ஒயின் சிவப்பு நீலமாகும் இடத்தில் நிறுத்தவேண்டும். மூன்று முறை. வருகிறவர்கள் எல்லோரும் வேதியியல் பட்டதாரிகள், பெரும்பாலும் முதல் வகுப்பு.

போன மாதம் வந்த பையன் நோட்டில் எழுதியிருந்தது: 12.2, 12.2, 12.2. நடுவில் பியூரெட்டை நிரப்பாமல், பூஜ்யத்திலிருந்து தொடர்ந்து இறக்கியிருந்தான். அப்படியானால் கடைசியில் 36.6-ல் நிற்கவேண்டும். நின்றது 36.9.

"மூணும் எப்படிப்பா ஒண்ணா வந்துச்சு?" என்றேன்.

"கன்கார்டன்ட் வேல்யூ வரணும்ல சார்?"

அவன் முகத்தில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை. கேள்வியே புரியாத குழப்பம்தான் இருந்தது. அவனைப் பொறுத்தவரை அதுதான் செய்முறை. பள்ளியில் இரண்டு வருஷம், கல்லூரியில் மூன்று வருஷம், அதைத்தானே நாம் சொல்லிக்கொடுத்தோம்? நம் பள்ளி வேதியியல் ஆய்வகம் அளக்கக் கற்றுக்கொடுப்பதில்லை. அளந்ததுபோல் எழுதக் கற்றுக்கொடுக்கிறது. இதை ஒரு சின்னக் குறையாகப் பலரும் சிரித்துக்கொண்டே பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நானும் யோக்கியன் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு செய்முறைத் தேர்வில் பெர்மாங்கனேட் டைட்ரேஷன். எக்ஸ்டர்னல் காபி குடிக்கப் போன இடைவெளியில் லேப் அட்டென்டர் ஒவ்வொரு மேஜையாக வந்து, "ஏ பேட்ச் 19.6, பி பேட்ச் 20.4" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். எனக்கு உண்மையில் வந்தது 20.1. ரப்பரால் அழித்துவிட்டு 20.4 என்று எழுதினேன். முழு மதிப்பெண். பக்கத்து மேஜையில் இருந்தவன் தனக்கு வந்ததையே எழுதினான். அவனுக்கு மதிப்பெண் குறைந்தது. அன்று நாங்கள் இரண்டு பேரும் கற்றுக்கொண்ட வேதியியல் அதுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நம் ஜனங்களுக்கு அளவு தெரியாது என்று யாரும் சொல்லமுடியாது. காய்கறிக் கடையில் தராசு முள் நடுவில் நிற்கிறதா, தட்டுக்கு அடியில் புளி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிற அம்மாக்களின் பிள்ளைகள்தான் இவர்கள். படியில் அரிசி அளந்தால் தலைதட்டி அளந்தானா, விரலை உள்ளே விட்டு அளந்தானா என்று கவனித்த பாட்டிகளின் பேரப்பிள்ளைகள். கடைக்காரன் ஏமாற்றினால் கண்டுபிடிக்கத் தெரிந்த கண், பியூரெட் முன்னால் நிற்கும்போது மட்டும் எங்கே போகிறது? அங்கே அளவில் அவர்களுக்கு ஒரு நஷ்டம் உண்டு. இங்கே அளவில் நஷ்டமே இல்லை. விடை ஏற்கெனவே யாருக்கோ தெரியும். அதை ஊகித்து எழுதுவதுதான் ஆட்டம்.

ஒரு பியூரெட்டால் எவ்வளவு சொல்லமுடியும் என்று கொஞ்சம் பார்ப்போம். அதில் 0.1 மில்லிக்கு ஒரு கோடு. கோடுகளுக்கு நடுவே கண்ணால் பாதியை மதிப்பிடலாம். அதன் முனையிலிருந்து விழும் ஒரு சொட்டு ஏறத்தாழ 0.05 மில்லி. 50 மில்லி பியூரெட்டில் 'பி' வகுப்புக் கண்ணாடி என்றால் 0.1 மில்லி வரை விலகல் அனுமதிக்கப்படுகிறது. 'ஏ' வகுப்பு என்றால் அதில் பாதி. இவ்வளவு நெளிவு உள்ள கருவியில் கைதேர்ந்தவருக்கே 12.15, 12.20, 12.10 என்றுதான் வரும். இரண்டு அளவு தற்செயலாக ஒன்றாக வரலாம். ஒரு வகுப்பில் ஐம்பது பிள்ளைகளுக்கும், வருஷம் முழுக்க, இரண்டாவதும் மூன்றாவதும் அச்சடித்ததுபோல் ஒன்றாக வருமா? வராது. ஐம்பது ரெக்கார்டு நோட்டிலும் அப்படித்தான் இருக்கிறது, ஆசிரியரும் சிவப்பு மையில் கையெழுத்துப் போடுகிறார்.

ஒத்த அளவு என்பதன் அர்த்தம், ஒன்றோடொன்று ஒரு சொட்டு இரண்டு சொட்டு வித்தியாசத்துக்குள் நிற்பது. நாம் அதை 'ஒரே எண்' என்று மொழிபெயர்த்துவிட்டோம். ஒரே எண் வந்துவிட்டால் மட்டும் அது சரியாகிவிடுமா? பிப்பெட்டின் முனையில் கடைசியாகத் தங்கும் சொட்டை ஊதித் தள்ளக்கூடாது, குடுவையின் சுவரில் தொட்டு எடுக்கவேண்டும். அந்தச் சொட்டு தங்கும் என்று கணக்கில் வைத்துத்தான் 20 மில்லிக் கோடு போட்டிருக்கிறார்கள். மூன்று முறையும் ஒருவன் ஊதினால் மூன்று அளவும் அழகாக ஒத்துப்போகும், மூன்றும் தப்பாக இருக்கும். ஒத்துப்போவது வேறு, உண்மைக்குப் பக்கத்தில் நிற்பது வேறு. செய்முறை வகுப்பு சொல்லித்தரவேண்டிய முதல் பாடம் இது.

அதற்குப் பதில் சொல்லித்தருவது என்ன? பெர்மாங்கனேட் கருஊதா, அடிவளைவு தெரியாது, அதனால் மேல்விளிம்பைப் படி என்கிறோம். நல்லது. ஆனால் கண் அந்த மட்டத்துக்கு வந்திருக்கிறதா என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. முனையில் காற்றுக்குமிழி இருந்ததா, மேலே வைத்த புனலை எடுத்தானா, பியூரெட்டைத் தண்ணீரில் கழுவியபின் கரைசலால் ஒருமுறை அலசினானா, இதற்கெல்லாம் மதிப்பெண் இல்லை. கடைசியில் கால்குலேட்டரைத் தட்டி 20 × 0.1 ÷ 20.4 = 0.0980392 என்று ஏழு தசமத்துக்கு எழுதுகிறான். மூன்று இலக்கம் மட்டுமே சொல்லும் கருவியிலிருந்து ஆறு இலக்க விடை. அதற்கு ஒரு டிக்.

விடையோடு ஒத்துப்போகாத அளவு வேதியியலில் என்ன செய்திருக்கிறது என்பதை இந்தப் பிள்ளைகளுக்கு ஒருமுறையாவது சொல்லியிருக்கிறோமா? 1785-ல் கேவண்டிஷ் காற்றில் மின்பொறியைப் பாய்ச்சி நைட்ரஜனை முழுக்க நீக்கப் பார்த்தார். ஒரு சின்னக் குமிழி மட்டும் போகவே இல்லை. மொத்தத்தில் 120-ல் ஒரு பங்குக்கு மேல் இருக்காது. நம் ஊர் ரெக்கார்டு நோட்டாக இருந்தால் 'முழுவதும் நீங்கியது' என்று எழுதியிருப்போம். அவர் அந்தக் குமிழியையும் எழுதிவைத்தார்.

நூறு வருஷம் கழித்து ராலே நைட்ரஜனை எடைபோட்டார். காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன் ஒரு கண்ணாடிக் கோளத்தில் 2.310 கிராம். வேதிப்பொருட்களிலிருந்து தயாரித்தது அதே கோளத்தில் 2.299 கிராம். வித்தியாசம் இருநூறில் ஒரு பங்கு. அட்ஜஸ்ட் பண்ணியிருக்கலாம், சராசரி போட்டிருக்கலாம். அவர் 1892-ல் நேச்சர் இதழுக்குக் கடிதம் எழுதி, எனக்கு இரண்டு எடை வருகிறது, காரணம் சொல்லுங்கள் என்று வேதியியலாளர்களைக் கேட்டார். அந்த இருநூறில் ஒரு பங்குக்குள்தான் ஆர்கான் ஒளிந்திருந்தது. 1894-ல் அவரும் ராம்சேயும் அதை அறிவித்தார்கள். 1904-ல் இருவருக்கும் நோபல் பரிசு. கேவண்டிஷ் எழுதிவைத்த குமிழியும் அதே ஆர்கான்தான். 2.299-ஐ அழித்துவிட்டு 2.310 என்று எழுதுகிறவனுக்கு நாம் முழு மதிப்பெண் தருகிறோம்.

நம் பிள்ளைகள் எல்லோரும் ராலே ஆகவேண்டாம். என் கவலை அதைவிடச் சின்னது, அதைவிட அவசரமானது. ஒருமுறை ஒரு குடிநீர்த் தொட்டியின் பதிவேட்டைப் பார்க்க நேர்ந்தது. எந்த ஊர் என்பது முக்கியமில்லை. குழாய்த் தண்ணீரில் எஞ்சியிருக்கும் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கவேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். பதிவேட்டில் தினமும் 0.2. மழை நாள், வெயில் நாள், கரண்ட் இல்லாத நாள், எல்லாம் 0.2. ஒரே பேனா, ஒரே சாய்வு. செப்டம்பர் 31-ஆம் தேதிக்கும் 0.2 எழுதியிருந்தது. அன்று நான் குழாயில் பிடித்த தண்ணீரில் சோதனைச் சொட்டு விட்டேன், நிறமே மாறவில்லை. அந்தத் தண்ணீரைத்தான் தெரு முழுக்கக் குடத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அதை எழுதியவரும் எங்கோ ஒரு பள்ளியில் கன்கார்டன்ட் வேல்யூ எழுதிப் பழகியவராகத்தான் இருக்கவேண்டும். ஜுரம் பார்க்காமலே சார்ட்டில் எழுதப்படும் 98.6-ம், தயாரிப்பு லேபில் 'லிமிட்டுக்குள்' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதப்படும் எண்களும் அதே பயிற்சியின் தொடர்ச்சி.

ஆசிரியர்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். "அறுபது பசங்க, எட்டு பியூரெட்டு, அதுல மூணு ஒழுகுது, ரெண்டு பீரியடு. நீங்க வந்து நடத்திப் பாருங்க சார்." நியாயம்தான். கருவி வாங்கித் தராத அரசும் நிர்வாகமும் முதல் குற்றவாளிகள், சந்தேகமே இல்லை. ஆனால் வந்ததை எழுது என்று சொல்ல எந்த நிதி ஒதுக்கீடும் வேண்டாம். ஒழுகும் பியூரெட்டை வைத்தே, 'இது ஒழுகுகிறது, பத்து நிமிஷத்தில் இவ்வளவு இறங்கியது' என்று எழுதச் சொன்னால் அதுவே ஒரு நல்ல செய்முறை.

இன்னொரு பதிலும் உண்டு. "எல்லாம் டிஜிட்டல் ஆயிடுச்சு, இன்னும் மெனிஸ்கஸ் எதுக்கு?" எங்கள் மின்தராசு நாலு தசமம் காட்டும். மின்விசிறி ஓடினால் கடைசி எண்கள் ஆடும். சூடான பீக்கரை வைத்தால் காற்று மேலெழும்பி எடை குறைவாகக் காட்டும். திரையில் எண் வந்துவிட்டதே என்று எழுதிக்கொள்கிறவனுக்கு டிஜிட்டல் கருவி இன்னும் ஆபத்தானது. அங்கே சந்தேகப்படக் கோடுகூட இல்லை.

செய்யவேண்டியது பெரிய புரட்சி இல்லை. ஒவ்வொரு மாணவருக்கும் வேறுவேறு செறிவில் கரைசல் கொடுங்கள், முணுமுணுப்புக்கு வேலை இருக்காது. விடைக்குப் போடும் மதிப்பெண்ணில் பாதியை எடுத்து, குனிந்து பார்த்த கண்ணுக்கும் அலசிய கைக்கும் போடுங்கள். ரெக்கார்டு நோட்டில் ரப்பரைத் தடைசெய்யுங்கள். தப்பிய அளவின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் காரணம், அதற்கு ஒரு மதிப்பெண். மூன்றும் அச்சாக ஒத்திருக்கும் நோட்டைப் பார்த்தால் கையெழுத்துப் போடுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்.

அந்தப் பையனை நான் அனுப்பிவிடவில்லை. பியூரெட்டைக் காட்டி, இப்போது நிற்கிறதைப் படி என்றேன். 36.9 என்றான். நோட்டை வாங்கி மூன்றாவது அளவை 12.5 என்று திருத்தி எழுதினான். கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சார், இது தப்பா வந்துருக்கு. அடிச்சிரட்டுமா?" என்றான்.

"அடிக்காதே. ஏன் தப்புன்னு பக்கத்துல எழுது."

'நிறம் மாறிய பிறகும் கவனிக்காமல் சில சொட்டு விட்டுவிட்டேன்' என்று எழுதினான். எழுதிவிட்டு என்னைப் பார்த்தான், திட்டு விழும் என்று காத்திருக்கிறவனைப்போல. திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரச் சொன்னேன்.