மருந்துக்கு எல்லை தெரியாது

'லோக்கல் அனஸ்தீசியா' என்ற பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. மரத்துப்போவது ஓரிடம்தான். மருந்து போவதோ உடல் முழுவதும்.

2025 ஆகஸ்ட் 11 அன்று தில்லித் தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்க உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 22ஆம் தேதி அதைத் திருத்தியது. வெறிநோய் கண்டவை, மூர்க்கமானவை நீங்கலாக மற்றவற்றுக்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்றது. துவாரகா போன்ற பகுதிகளில் எத்தனை நாய்களுக்கு அறுவை முடிந்தது என்பதே கேள்வியாக இருக்கிறது. மேஜையில் கிடத்திய நாய் எத்தனை கிலோ என்று யாரும் கேட்பதில்லை.

அறுவைக்கு நாயை மயக்குவது வேறு மருந்துகள். கூடவே வெட்டும் இடத்திலும் சினைப்பையைத் தாங்கும் சவ்விலும் லிக்னோகெய்ன் செலுத்தினால் வலி குறையும். மயக்க மருந்தும் குறைவாகப் போதும்.

செலுத்திய மருந்து சிறு ரத்தக் குழாய்களில் கசிந்து, இதயத்தின் வலப்பக்கம் வழியே நுரையீரலை அடைகிறது. நுரையீரல் கொஞ்சத்தைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும். மீதி, ரத்தம் அதிகம் பாயும் மூளை, இதயம், கல்லீரல், சிறுநீரகத்துக்கு முதலில் போகிறது. பிறகு தசைக்கு, கடைசியில் கொழுப்புக்கு. லிக்னோகெய்னைச் சிதைப்பது பெரும்பாலும் கல்லீரல். அளவு மீறினால் வலிப்பு வரும். அதற்கும் மேல் போனால் இதயம் தடுமாறும். மயக்கத்தில் கிடக்கும் நாயிடம் வலிப்பு வெளியே தெரியாமலே போகலாம்.

நாய்க்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்பது எச்சரிக்கையான கணக்கு. 2 சதவீத லிக்னோகெய்னில் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் மருந்து. 10 கிலோ நாய்க்கு இரண்டரை மில்லி. 4 கிலோ குட்டிக்கு ஒரே மில்லி. பூனைக்கு இன்னும் குறைவு.

இந்த ஆபத்துக்கு மாற்று கிடைக்க நாய்களும் உதவின. 2003இல் அமெரிக்க மருத்துவர் கை வெயின்பெர்க் குழு, பூபிவாகெய்னால் இதயம் நின்ற 12 நாய்களில் ஆறுக்குக் கொழுப்புக் கரைசலை ஏற்றியது. ஆறும் பிழைத்தன. உப்புநீர் ஏற்றிய ஆறும் இறந்தன. இன்று மனிதருக்கும் அந்தக் கரைசலே தரப்படுகிறது.

மனித உயிர் காக்க உதவிய இனத்துக்குத் திருப்பித் தர வேண்டியது பெரிதல்ல. ஒவ்வொரு கருத்தடை மையத்திலும் ஒரு எடை மெஷின். ஊசிக்கு முன் நாயை அதில் நிறுத்தும் பழக்கம்.