ஒரே தொலைவு, இரு திசை

திசையைக் கணக்கில் கொள்ளாமல் தொலைவை மட்டும் கூறுவது மட்டு மதிப்பு எனப்படும்; மானாம்பதி என்னும் ஊரிலிருந்து சாலைவழி 5 கிலோமீட்டரில் நிற்கும் பேருந்து இரு பக்கங்களில் எதிலும் இருக்கலாம் என்பதுபோல, |அ − 3| = 5 என்னும் சமன்பாடும் 8, −2 என இரு விடைகள் தருகிறது. கூற்றுகள் விடையை உறுதிசெய்யப் போதுமா என வினவும் தரவுப் போதுமைக் கணக்கில், 'அ இரட்டைப்படை எண்' என்னும் கூற்று இரண்டில் எதையும் விலக்காததால் போதாது. 'அ மிகை எண்' என்னும் கூற்றோ −2ஐ நீக்குவதால் போதுமானதாகிறது. முதல் விடை கிடைத்ததும் நின்றுவிடும் பயிற்சி இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. மானாம்பதிக்கு அருகிலுள்ள உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலக் கல்வெட்டு குடவோலைத் தேர்தலில் நிற்பவரிடம் 35 முதல் 70 வரையான வயதோடு நிலம், சொந்த மனை, கல்வி ஆகியவற்றையும் கோரியது; வயது பொருந்துவது மட்டும் போதவில்லை. உண்மையான கூற்றெல்லாம் போதுமான கூற்றாகாது என்னும் அத்தெளிவே கணித வகுப்புக்கும் தேவை.