பெட்டிக்குள் அடைபட்ட ஒளி

'அருமை' என்னும் நம் சொல் கிடைத்தற்கு அரியதையும் குறிக்கும், சிறந்ததையும் குறிக்கும். இவ்விரண்டும் ஒன்றே என மயங்குவோர் உளர். கதையோ நடிகரோ இன்றி, ஒளியும் நிறமும் அசைவுமே பொருளாக அமைந்த சோதனைத் திரைப்படங்களைச் சேகரிப்போரிடம் இம்மயக்கம் முற்றியிருக்கக் காண்கிறோம்.

அமெரிக்கக் கலைஞர் ஸ்டான் பிராக்கேஜ் 1963-இல் உருவாக்கிய 'மாத்லைட்' என்னும் படத்தை எடுத்துக்கொள்வோம். இதற்குக் கேமராவே தேவைப்படவில்லை. இறந்த விட்டில்களின் சிறகுகளையும் மலரிதழ்களையும் புல்லையும் ஒளிபுகும் இரு ஒட்டுநாடாக்களுக்கு இடையே அழுத்தி, அதிலிருந்தே 16 மி.மீ. பிரதிகளை எடுத்தார். நான்கு நிமிடங்கள்கூட ஓடாத ஊமைப்படம். விளக்கை நாடி மாண்ட பூச்சி, புரொஜெக்டரின் விளக்கால் திரையில் மீண்டும் படபடக்கிறது. அவ்வொளி பாயாதவரை அங்கே படமே இல்லை. சிறகுகளின் சாயல் பதிந்த சுருள்தான் உண்டு.

அச்சுருளை வாங்கிக் குளிர்ந்த அறையில் பூட்டிவைப்பவர் எதை உடைமையாக்கிக்கொண்டார்? ஓட்டினால் கீறல் விழுமென்று அஞ்சி ஓட்டுவதில்லை. ஓடாத படத்தைத் தம்முடையது என்கிறார்! ஓவியத்துக்கு மூலம் ஒன்றே. திரைப்படமோ பிரதி எடுக்கப்படுவதற்கென்றே பிறந்த கலை.

சேகரிப்போர் இல்லையெனில் பல படங்கள் அழிந்திருக்கும் அன்றோ எனக் கேட்பர். மெய்தான், மறுப்பது நன்றிகேடு. அசிடேட் சுருள்கள் புளிக்காடி நெடி வீசிச் சிதைகின்றன, வண்ணங்கள் வெளிறுகின்றன. கணினித் திரையில் காண்பது சுருளில் காண்பதற்கு ஈடாகாது என்பதையும் ஒப்புகிறோம். அப்படியாயின், சுருளை வைத்திருப்பவருக்கு அதைத் திரையிடும் கடமை கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை. காப்பது வேறு, ஒளிப்பது வேறு. எவரும் காணாமையே ஒரு படத்தின் விலையை உயர்த்துமானால், அங்கே விலைபோவது கலையன்று; பிறருடைய இல்லாமை.

படைத்தவர்கள் இதனை விரும்பினார்களா? 1960-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஜோனஸ் மெக்காஸ் முதலிய கலைஞர்கள் ஒரு கூட்டுறவு அமைப்பை நிறுவினர். தரம் பார்த்து எப்படத்தையும் ஒதுக்காமல், கேட்டவர்க்கெல்லாம் வாடகைக்கு அனுப்புவதே அதன் வழக்கம். அதற்கும் முன்னரே, 1935-இல், லென் லை படச்சுருளின் மீதே நேராக வண்ணம் தீட்டி 'எ கலர் பாக்ஸ்' என்னும் படத்தைச் செய்தார். அதற்குப் பணம் தந்தது பிரிட்டிஷ் அஞ்சல் துறை. பார்சல் கட்டண விளம்பரமாகச் சாதாரணத் திரையரங்குகளில் அது ஓடியது. வேறு படம் பார்க்கச் சீட்டு வாங்கி வந்த மக்கள், ஆடிப்பாயும் அந்த வண்ணங்களையும் கண்டு சென்றனர்.