10,000 லூமன் டார்ச் லைட்டும் 31 கிராம் மின்கலமும்

மாணவர்களே, போன மாதம் படிவம் 4 மாணவன் ஒருவன் பாடம் முடிந்ததும் ஒரு டார்ச் லைட்டை என் மேசைமேல் வைத்தான். இணைய அங்காடியில் 59 வெள்ளிக்கு வாங்கியதாம். கறுப்பு அலுமினிய உடல், முன்விளிம்பில் பல் பல்லாக முனைகள், கண்ணாடி உடைக்கும் ஊசி, பின்னால் காந்தம், பக்கவாட்டில் ஒரு திசைகாட்டி, விசில், விட்டுவிட்டு மின்னும் ‘ஸ்ட்ரோப்’. ராணுவத்தினர் பயன்படுத்தும் வகை என்று பெட்டியில் போட்டிருந்தது. அதற்குக் கீழே, ‘10,000 லூமன், 10 மணி நேரம்’.

“டீச்சர், நல்லாயிருக்கா?” என்று கேட்டான்.

“கணக்குப் போட்டுப் பார்த்தியா?” என்றேன்.

நீங்களும் போட்டுப் பாருங்கள். அதற்குள் இருப்பது 18650 வகை லித்தியம் அயான் மின்கலம். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். தரமான 18650 மின்கலத்தின் கொள்ளளவே ஏறக்குறைய 3,500 மில்லி ஆம்பியர் மணிதான். அதை 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 12.6 வாட் மணி ஆற்றல். வெள்ளை எல்.இ.டி. 1 வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தரும் என்று வைத்துக்கொள்வோம். 10,000 லூமனுக்கு 100 வாட் வேண்டும். 12.6-ஐ 100-ஆல் வகுத்தால் 0.126 மணி, அதாவது 8 நிமிடம்கூட இல்லை. அந்த 8 நிமிடமும் அச்சிறு மின்கலம் 28 ஆம்பியர் மின்னோட்டம் தர வேண்டும். செலவாகும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகும். கையில் பிடிக்க முடியாது. பெட்டி சொல்வதுபோல் 10 மணி நேரம் எரிய 1,000 வாட் மணி தேவை. அப்படியானால் ஏறக்குறைய 80 மின்கலங்களைச் சுமந்துகொண்டு நடக்க வேண்டும். ஆற்றல் அழியா விதியை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகிறோம். பொருள் வாங்கும்போது மறந்துவிடுகிறோம்.

மின்கலத்தின் உறையில் 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டிருந்தது. ஆய்வுக்கூடத் தராசில் வைத்தோம். 31 கிராம். நல்ல 18650 மின்கலம் 45 கிராம் அளவில் இருக்கும். வகுப்பே சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. பள்ளி விடுமுறையில் காய்கறிக் கடையில் பெட்டி தூக்கிச் சேர்த்த பணம் அது.

டார்ச் லைட் வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. கியா பார்மில் இருப்பவர் பையில் ஒரு டார்ச் இருந்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி. காலை 6 மணிக்கு இங்கே நல்ல இருட்டு. தேயிலைச் சரிவில் உள்ள லயத்து வீடுகளிலிருந்து பேருந்து நிற்கும் இடம்வரை நடக்கும் பிள்ளைகளுக்கு வழுக்கும் படியும் வடிகாலும் கண்ணில் பட வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் மின்சாரமும் சேர்ந்து போகலாம். கேமரன் மலையில் இருப்பவர்கள் 2013 அக்டோபர் 23-ஐ மறக்கமாட்டார்கள். கனமழையில் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர், பின்னிரவில் பெர்த்தாம் பள்ளத்தாக்கு வீடுகளுக்குள் புகுந்தது. உயிர்கள் போயின. அப்படிப்பட்ட ஓர் இரவில் கைக்கு எட்டும் டார்ச், சொன்னபடி எரிய வேண்டும். பொய் சொல்லும் பெட்டியின்மேல் எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

உண்மையாகவே அவ்வளவு வெளிச்சம் கிடைத்தாலும் இந்த ஊரில் அது உதவாது. 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறோம். மூடுபனி இல்லாத வாரம் ஏது? மூடுபனி என்பது மிகச் சிறிய நீர்த்துளிகள். டார்ச்சின் ஒளி அவற்றில் பட்டுச் சிதறி, ஒரு பகுதி உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். வெளிச்சத்தைக் கூட்டக் கூட்ட எதிரே வெள்ளைச் சுவர்தான் எழும். சாமந்திப் பூந்தோட்டக் கூடாரங்களில் இரவில் விளக்கெரியும்போது மேலே பனி வெள்ளையாய் மிதப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே சிதறல்தான். (அந்த விளக்குகள் செடி சீக்கிரம் பூத்துவிடாமல் இருக்க. அதை இன்னொரு நாள் பேசுவோம்.) மஞ்சள் விளக்கு பனியைத் துளைக்கும் என்பார்கள். பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் சிதறடிக்கும். பனி வெள்ளையாகத் தெரிவதே அதற்குச் சாட்சி. நிறத்தை விடுங்கள், பிடிக்கும் இடத்தை மாற்றுங்கள். டார்ச்சைக் கண்ணுக்கருகில் வைக்காமல் இடுப்புக்குக் கீழே பிடித்துத் தரையை நோக்கி அடித்தால், சிதறிய ஒளி உங்கள் பார்வைக் கோட்டில் குறைவாகவே விழும். நெற்றியில் கட்டும் விளக்கு பனியில் எரிச்சல் தருவது இதனால்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். பளீரென்று ஒருமுறை அடித்தால் அத்தனையும் வீண். கண்ணுக்கு இரண்டு மடங்கு வெளிச்சமாகத் தெரிய நான்கு மடங்கு லூமனாவது வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 100 லூமன் ஒற்றையடிப் பாதைக்குத் தாராளம்.

கூடுதல் வசதிகள் என்னாயின? திசைகாட்டியை மேசையில் வைத்தோம். முள் வடக்கைக் காட்டவில்லை. டார்ச்சின் பின்பக்கத்தைக் காட்டியது. அங்கேதானே காந்தம் இருக்கிறது! ஒரே உடலில் காந்தத்தையும் திசைகாட்டியையும் வைத்து விற்றவர் படிவம் 3 அறிவியலைத் தாண்டியிருக்கமாட்டார்.

ஸ்ட்ரோபை விளையாட்டாக நண்பன் முகத்தில் அடிக்காதீர்கள். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ‘போக்கிமோன்’ தொடரின் ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் விநாடிக்கு ஏறக்குறைய 12 முறை மின்னின. 600-க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் சிறுவர்கள், மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். ஒளியால் வலிப்பு வரக்கூடியவர் உங்கள் வகுப்பிலும் இருக்கலாம், அவருக்கே தெரியாமல். பல் வைத்த விளிம்பு, உள்ளே மறைத்த கத்தி வகையறாக்கள் வேறு. பொது இடத்தில் தாக்குதல் ஆயுதம் வைத்திருப்பது 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் நாட்டில் குற்றம். கட்டொழுங்கு ஆசிரியர் உங்கள் புத்தகப்பையைத் திறக்கும்போது ‘தற்காப்புக்கு’ என்று சொன்னால் எடுபடாது.

என் பையில் இருப்பது ஒரே ஒரு ஏஏ மின்கலம் போடும் விரல் நீள டார்ச். மின்கலம் தீர்ந்தால் மளிகைக்கடையிலேயே கிடைக்கும். வாங்கும்போது பெட்டியில் எஃப்.எல்.1 என்ற தர அளவீட்டுக் குறி இருக்கிறதா என்று பார்த்தேன். அந்த முறையில் ‘எரியும் நேரம்’ என்பது வெளிச்சம் தொடக்க அளவில் 10 விழுக்காட்டுக்குக் குறையும்வரை ஆகும் நேரம்; ‘தூரம்’ என்பது முழுநிலவு அளவுக்கு, அதாவது 0.25 லக்ஸ் ஒளி, போய்ச் சேரும் எல்லை. இதைத் தெரிந்துகொண்டால் நேர்மையான பெட்டியையும் கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்கலாம். கூடவே தனியாக ஒரு விசில். மலையில் வழி தவறினால் நிமிடத்துக்கு 6 முறை ஊதுங்கள் அல்லது டார்ச்சை அடியுங்கள், பிறகு ஒரு நிமிடம் நிறுத்துங்கள், மறுபடியும் தொடங்குங்கள். ஆல்ப்ஸ் மலையேறிகள் வழியாகப் பரவிய அபாயக்குறி இது. நிமிடத்துக்கு 3 முறை பதில் வந்தால் யாரோ கேட்டுவிட்டார்கள்.

அந்த மாணவனிடம் டார்ச்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், மின்கலத்தை மட்டும் கொடுக்கவில்லை. பாதுகாப்புச் சுற்று இல்லாத மட்ட ரக லித்தியம் மின்கலத்தை இரவெல்லாம் மின்னேற்றத்தில் போட்டுவிட்டுப் பலகை வீட்டில் தூங்குவதை நினைத்தாலே எனக்குப் பயம். மின்கழிவு மையத்தில் சேர்க்கும்வரை அது ஆய்வுக்கூடத்தில், மணல் நிரப்பிய தகர டின்னில் இருக்கும். உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்திலும் தராசு இருக்கிறது. வீட்டில் 9,900 என்று எழுதிய மின்கலம் கிடந்தால், ஆசிரியரிடம் கேட்டு நாளைக்கே எடை போட்டுப் பாருங்கள்.